கரட்

செட்டியார் தெருவில் கரட் என்றால்
இருபத்திரண்டு, பதினெட்டு.
பேலியகொடைச் சந்தையில் கரட் என்றால்
நுவரெலியாவிலிருந்து லொறியில் வருவது, மண்ணோடு.
முப்பத்தாறு வருடம் முதலாவதை உரைத்துச் சாப்பிட்டேன்.
இரண்டாவதைச் சாப்பிடு என்கிறார்
டொக்டர் வீரக்கொடி.

கட்டம் போட்ட அட்டை ஒன்று தந்தார்,
நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பொட்டைப் பார்.
பார்த்தேன்.
இடக்கண்ணில் கோடுகள் நேர்.
வலக்கண்ணில்,
காலி வீதியில் மழைத்தண்ணி தேங்கினால்
அதற்குள் மின்கம்பம் தெரியுமே,
அப்படி.

விழித்திரையின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளியாம்.
அது தேய்கிறதாம்.
தேய்மானம்:
நான் பிறர்க்குச் சொல்லிப் பழகிய சொல்.
காப்புக்கு இவ்வளவு, தாலிக்கொடிக்கு இவ்வளவு என்று
கழித்துக் கழித்து எழுதிய ஆளிடம்
இப்போது வேறொருவர் கழிக்கிறார்.
கண்ணீர் வடித்த பெண்களிடம் நான் பேசிய அதே குரலில்,
மிக மரியாதையாக.

வெள்ளவத்தைப் பாமசியில் ஓர் அலுமாரி முழுக்க மஞ்சள்.
டப்பாவில் செண்டுப்பூப் படம்.
கதிரேசன் கோயில் வாசலில்
காலையில் கூட்டித் தள்ளுகிற அதே பூ,
இங்கே முப்பது குளிசையாக, மூடி முத்திரையோடு.
லூட்டீன், ஸியாசாந்தின், லைக்கோப்பீன்...
பம்பலப்பிட்டியில் பியானோ படிப்பித்த
பறங்கி வீட்டுச் சகோதரிகளின் பெயர்கள் மாதிரி.

எல்லாம் சேர்ந்த பெரிய டப்பாவை எடுத்தேன்.
கவுன்டரில் நின்ற பிள்ளை
(நுஸ்ரத் என்று சட்டையில் குத்தியிருந்தது)
பின்பக்கம் திருப்பி வாசித்தாள்.
"அங்கிள் சிகரட் பத்துவீங்களா?"
பொய் சொல்ல வாயைத் திறந்தேன்.
வாயே முந்திக் காட்டிக்கொடுத்தது.

"அப்ப இது வேணாம். இதுல பீட்டா கரோட்டீன் இருக்கு.
பத்துற ஆக்கள் குளிசையா எடுத்தா
நெஞ்சுக்குக் கூடாது."
"கரட்டில் இருப்பதுதானே பிள்ளை?"
"கரட்டைச் சாப்பிடுங்க. குளிசைதான் கூடாது."

அவளுக்குத் தெரியாது, எனக்கு அது புதிதில்லை.
இருபத்துநாலில் நகை நிற்காது.
அத்தனை சுத்தம் கைபட்டால் வளையும்,
கொஞ்சம் செம்பு வேண்டும்.
கரட்டுக்கும் கொஞ்சம் மண், கொஞ்சம் நார்.

சிறிய டப்பா தந்தாள். லூட்டீன் உள்ளது, மற்றது இல்லை.
நாலாயிரத்து எண்ணூறு.
ஒன்று நூற்றறுபது விழுகிறது என்று
என் வாய் தன்பாட்டில் கணக்குப் போட்டது.
"வெறும் வயித்துல போடாதீங்க, பிடிக்காது.
எண்ணெய், தேங்காப்பால், முட்டை, ஏதாச்சும் கூட."
"போன பார்வை திரும்புமா?"
"இல்ல அங்கிள்.
போற வேகம் சிலவேளை குறையும்."

சிலவேளை.
அடகுச்சீட்டில் எங்கும் எழுதமுடியாத சொல்.
நாலாயிரத்து எண்ணூறுக்கு அதைத்தான் வாங்கினேன்.

சுகிர்தம் இப்போது தினமும் பொன்னாங்காணி வாங்குகிறாள்.
முகுணுவென்ன என்று கேட்டால்
பத்து ரூபா குறைகிறதாம்.
தேங்காய்ப்பாலில் பிரட்டி வைத்துவிட்டு
நான் விழுங்குகிறேனா என்று பார்க்கிறாள்.
அட்டை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது,
மின்கட்டணச் சிட்டைக்குப் பக்கத்தில்.
சிகரட் மூன்றாகிவிட்டது.
நாலு என்று எழுதினால்தான் உண்மை.

நேற்று மத்தியானம் கடையில் ஆளில்லை.
ஒரு குளிசையை ஊசியால் குத்தி
உரைகல்லில் இழுத்தேன்.
கறுப்பில் ஒரு செம்மஞ்சள் கோடு.
இந்தக் கல் பார்த்த எந்தப் பொன்னுக்கும்
இந்த நிறம் இல்லை.

முதலாளி நித்தியசீலன் எட்டிப் பார்த்து,
"என்ன கரட்?" என்றார்.

"பொறுங்கள்" என்றேன்.
வலக்கண்ணைப் பொத்தினேன்: நேர்.
இடக்கண்ணைப் பொத்தினேன்:
நடுவில் ஒரு சின்ன நெளிவு.

போன கிழமை இருந்த அளவுதான்
என்று நினைக்கிறேன்.